தொக்பொக்கிக்கு எது சரி: அரிசித் தொக்கா, மைதாத் தொக்கா?

தொக் என்பது மாவைப் பிசைந்து நீளமாக உருட்டிய கொரியக் கொழுக்கட்டை மாதிரி, அதைக் காரக் குழம்பில் கொதிக்கவிட்டால் தொக்பொக்கி. கொரியச் சாமான் விற்கும் கடையில் உறைபெட்டியைத் திறந்தால் விரல் நீளத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு வகைப் பாக்கெட் கிடக்கும். ஒன்று சல்தொக், அரிசி மாவில் செய்தது. இன்னொன்று மில்தொக், மைதாவில் செய்தது. (நம் தக்காளித் தொக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அரிசிதான் உசத்தி என்று நானும் ரொம்ப நாள் அதையே வாங்கிக்கொண்டிருந்தேன், ஆனால் தெருக்கடைச் சிவப்புத் தொக்பொக்கி செய்வதென்றால் இப்போது என் ஓட்டு மைதாவுக்குத்தான்.

கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது, அரிசிக்கோ தட்டுப்பாடு, 1960, 70களில் அரசே மாவுப் பண்டம் சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கும் புன்சிக் கடைகளின் பெயரிலேயே அந்த மாவு இருக்கிறது, புன்சிக் என்றால் மாவு உணவு. அந்தக் கடைகளில் பிள்ளைகள் தின்று வளர்ந்தது பெரும்பாலும் மில்தொக்தான்.

அடுப்பில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். தலையும் குடலும் கிள்ளிய காய்ந்த நெத்திலி பத்து, உள்ளங்கை அளவு காய்ந்த கெல்ப் கடற்பாசி (ஜெல்லி செய்யும் கடற்பாசி அல்ல), அரை லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் பாசியை எடுத்துவிட வேண்டும். (நம் நெத்திலிக் கருவாட்டைப் போட்டால் உப்புக் கரிக்கும், அவர்கள் வேகவைத்துக் காயவைத்த நெத்திலி வேறு.) வடிகட்டிய சாற்றில் கொச்சுஜாங் (புளிக்கவைத்த மிளகாய் விழுது) இரண்டு மேசைக்கரண்டி, கொச்சுகாரு (கொரிய மிளகாய்த் தூள்) ஒன்று, சர்க்கரை ஒன்று, 300 கிராம் தொக். மைதாத் தொக் கால் மணி நேரம் கொதித்தாலும் உருவம் கலையாமல், குழம்பை இழுத்துக்கொண்டு மென்று தின்னும் பதத்தில் நிற்கும். அரிசித் தொக் ஊதி, மாவு விட்டு, குழம்பைக் கெட்டியாக்கிவிடும். ஒருமுறை ராத்திரி மிச்சம் வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் சட்டியில் சிவப்புக் களி! ஃபிரிட்ஜில் வைத்தாலோ மிச்சச் சோறு விறைப்பது போல விறைத்துப் போகும்.

அதற்காக அரிசியை ஒதுக்கவும் முடியாது. சியோலின் தொங்கின் சந்தையில் எண்ணெயில் புரட்டி எடுக்கும் கிரும் தொக்பொக்கிக்கு அரிசிதான்: இளஞ்சூட்டு நீரில் அரை மணி ஊறவைத்து, துணியால் ஈரத்தை ஒற்றி (ஒற்றாவிட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்), கொச்சுகாருவும் சோயா சாஸும் பிசறி வாணலியில் புரட்டினால் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். மாட்டிறைச்சி, சோயா சாஸ் சேர்க்கும் அரண்மனைப் பாணிக்கும் அதுவே.

கோதுமை ஆகாதவர்கள் அரிசித் தொக் வாங்கினால் மட்டும் போதாது, கொச்சுஜாங் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள், நிறைய பிராண்டில் கோதுமை இருக்கும்.

சரி, வீட்டில் அரிசித் தொக் மட்டும்தான் இருக்கிறது, சிவப்புதான் வேண்டும் என்றால்? குழம்பை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, ஊறவைத்த தொக்கைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். அப்புறம் தட்டில் விழுந்ததும் சாப்பிட்டுவிடுங்கள், போன் அடித்தால்கூட எடுக்காதீர்கள்.