தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கார் வாங்கியவருக்கு வரும் முதல் கேள்வி இது.

தேர்ட் பார்ட்டி, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். 1000 சிசிக்குள் உள்ள காருக்கு 2022-ல் அரசு நிர்ணயித்த பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. நாம் இடித்தவருக்கு இழப்பீடு போகும். நம் கார் நொறுங்கினால் ஒரு பைசா வராது.

ஃபுல் இன்சூரன்ஸில் திருட்டு, தீ, வெள்ளம், நாமே தூணில் இடித்துக்கொண்டது எல்லாம் சேரும். 2015 டிசம்பர் மழையில் காரை மூழ்கவிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாக எடுக்காதவருக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. தெருவில் நிறுத்துபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் 'ஜீரோ டெப்' கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான்.

என் கணக்கு இது: ஐடிவி, அதாவது காரின் இன்றைய மதிப்பு, ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டதா? வீட்டுக்குள் நிறுத்த இடமும் இருக்கிறதா? சரி, தேர்ட் பார்ட்டி போதும். கடனில் வாங்கிய கார் என்றால் ஃபுல்தான். வங்கியும் அதைத்தான் கேட்கும். அப்புறம், ஃபுல் இன்சூரன்ஸில் கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கே 20 சதவீதம் போனஸ் உண்டு, அதாவது அடுத்த வருடம் நம் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி. சின்னக் கீறலுக்குக் கிளைம் போட்டு அதை இழக்காதீர்கள்.