துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில்: டிரிஃப்டா, மூன்று படமா?

தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பின்தொடர, அதைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். அதற்கு அடையாளம் துருவ நட்சத்திரம். ஆனால் சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம்தான், கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அப்போது அதைக் குறிவைக்க மவுண்டில் இருக்கும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப் வெறும் அலங்காரம். வேறு இரண்டு வழிகள் உண்டு.

நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைக்கு கம்ப்யூட்டர் வேண்டாம். குறுக்குக்கோடு உள்ள ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போதும். உச்சிக்கோடும் (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கோடு) வான நடுக்கோடும் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் கோட்டில் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. கிழக்கு, மேற்கு நழுவலைக் கண்டுகொள்ளாதீர்கள். அடுத்து கிழக்கில் 20, 30 டிகிரி உயரத்தில் இன்னொன்று: தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே என்றால் உயர்வு. கிழக்கும் மறைந்திருந்தால் மேற்கில் பார்க்கலாம், ஆனால் விதி தலைகீழ். திருகு, காத்திரு, மறுபடி திருகு என்று ஒரு மணி நேரம்கூடப் போகும், கொசுக்கடி தனி.

கேமராவும் லேப்டாப்பும் இருந்தால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறை. வானத்தில் எந்தத் துண்டு தெரிந்தாலும் சரி. மவுண்டை ஒரே அச்சில் திருப்பி மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எங்கே நிற்கிறது என்று கணக்கிடும். திருகத் திருகத் திரையில் பிழை குறைவதைப் பார்க்கலாம். வேறு மென்பொருள் என்றால் விசாரித்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்குத் துருவப் பக்கம் தெரிந்தே ஆக வேண்டும்.

படம் எடுப்பவருக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு. சனியைக் கண்ணால் பார்க்க மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். காம்பஸும் உயர அளவுகோலும் போதும். எதுவானாலும், மவுண்ட் 13 டிகிரிக்கு இறங்குமா, எதிர் எடை மாட்டும் தண்டு முக்காலியின் காலில் இடிக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள்.