என்விடிஏ: பார்வையில்லாமல் மூன்று வருடம் கல்லூரியில் படித்த அனுபவத்தில் ஒரு ரிவ்யூ

எனக்குப் பார்வை இல்லை. மூன்று வருடமும் பாடம், அசைன்மென்ட், தேர்வு எல்லாமே என்விடிஏ என்கிற ஸ்க்ரீன் ரீடரை வைத்துத்தான் நடந்தது. புதிதாகக் கல்லூரியில் சேரும் பார்வையற்ற மாணவர்களும், அவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்களும் இதைப் படித்தால் நல்லது.

விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள் இது. திரையில் இருப்பதைப் பேசும், விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் டிஸ்ப்ளே கருவி இருந்தால் அதிலும் காட்டும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் ஆரம்பித்தார், அப்புறம் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. கூடவே வரும் ஈஸ்பீக் குரல் முதல் வாரம் இயந்திரம் மாதிரிதான் இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்ட அதன் அருமை தெரியும். தமிழில் நீளமாகப் படிக்க விண்டோஸின் வள்ளுவர் குரல் எனக்குக் காதுக்கு இதமாக இருந்தது.

வெப் பக்கத்தில் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், டி (T) தட்டினால் அடுத்த டேபிளுக்கு. அறுபது பக்கப் பாடத்தில் தேவையான இடத்துக்குப் பத்து நொடியில் போய்விடுவேன், ஆனால் அதற்கு எழுதினவர் தலைப்பைத் தலைப்பாகவே குறித்திருக்க வேண்டும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியிருந்தால் பார்ப்பவர்களுக்கு அது தலைப்பு, எனக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான்.

என் பெரிய வருத்தம் ஸ்கேன் பிடிஎஃப், அதாவது எழுத்தாக இல்லாமல் பக்கத்தின் படமாக மட்டும் இருக்கிற ஃபைல். இன்செர்ட்டோடு ஆர் அழுத்தினால் என்விடிஏ படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும், ஆனால் திரையில் தெரிகிற அளவுக்குத்தான், பக்கம் பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் குழப்பிவிடும். இதற்குப் பின்னால் இருப்பது விண்டோஸின் ஓசிஆர், அதற்குத் தமிழ் தெரியாது. இரண்டாம் வருடம் ஒரு பேராசிரியர் கொடுத்த நோட்ஸ் முழுக்க ஸ்கேன். இரண்டு மாதம் நண்பர்களை வாசிக்கச் சொல்லி ஓட்டினேன். கடைசியில் கேட்டால், அதன் வேர்ட் ஃபைல் அவர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது, பிரின்ட் எடுத்து ஸ்கேன் பண்ணித்தான் அனுப்பியிருக்கிறார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கேட்ட அன்றைக்கே அனுப்பிவிட்டார். அதனால் முதல் வாரமே ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டுவிடுங்கள்.

கணக்கும் அப்படித்தான். சமன்பாட்டை எழுத்தாகவே குறிக்கும் மாத்எம்எல் வடிவத்தில் இருந்தால், அதைப் படித்துச் சொல்லும் மாத்கேட் மென்பொருளின் உதவியோடு பின்னத்தின் மேலே என்ன, கீழே என்ன என்று உள்ளே போய்ப் படிக்கலாம். படமாக ஒட்டியிருந்தால் 'கிராஃபிக்' என்று ஒரு வார்த்தை மட்டும்தான் கேட்கும்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். ஸ்க்ரைப், அதாவது நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், வைத்து எழுதினால், முந்தைய பத்தியில் என்ன சொன்னேன் என்று பார்க்கக்கூட அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நானே தட்டச்சு செய்தால் வரி வரியாகத் திரும்பக் கேட்டுத் திருத்தலாம். கூடுதல் நேரம் கொடுப்பதைச் சலுகை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கண்ணால் பார்ப்பவர் ஒரு பார்வையில் கேள்விக்குத் திரும்பிவிடுவார், நான் அங்கே போய், முழுக்கக் கேட்டு, திரும்பி வர வேண்டும், ஒரு தேர்வில் இது ஐம்பது தடவை நடக்கும்.

என்விடிஏவை பென் டிரைவில் போர்ட்டபிளாக எடுத்துப் போகலாம், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். லாகின் திரையில் மட்டும் அது பேசாது, அட்மினாக ஓடும் புரோகிராம்களிலும் பொதுவாகத் திணறும். முதல் தேர்வில் அந்தக் கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை, சரிசெய்யவே இருபது நிமிடம் போனது. முந்தின நாளே போய் ஹெட்ஃபோன் மாட்டிப் பாருங்கள்.

தேர்வு அலுவலகத்தில் முதலில் ஸ்க்ரைப் மட்டும்தான் என்றார்கள். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு உயர்கல்விக்கும் பொருந்தும் என்று மனுவில் எழுதியிருந்தேன், அதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. அப்புறம் அந்த அதிகாரியின் கம்ப்யூட்டரிலேயே பென் டிரைவைச் செருகி, மானிட்டரை அணைத்துவிடச் சொல்லி, என் மனுவை இன்னொரு தடவை தட்டச்சு செய்து காட்டினேன். மானிட்டரைப் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.