ஜெபமாலைக்கு 750 ரூபாயா?

பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் வாசல் கடையில் ஒரு ஜெபமாலை வாங்குவதும், அடுத்த செப்டம்பர் 8 வருவதற்குள் அதை அறுத்துவிடுவதும் எங்கள் வீட்டு வழக்கம். மெல்லிய கம்பியை வளைத்து மணிகளைக் கோத்திருப்பார்கள், வளையத்தின் வாய் சரியாக மூடியிருக்காது, கைப்பையில் சாவியோடு சிக்கி ஒரு இழு இழுத்தால் கதை முடிந்தது. போன வருடம் பஸ்ஸிலேயே அறுந்து, லிங்கராஜபுரம் வரும்வரை சீட்டுக்கு அடியில் மணி பொறுக்கினேன்.

அப்புறம்தான் எங்கள் பங்குக் கோயிலில் கையாலேயே ஜெபமாலை செய்து தரும் ஒரு அக்காவிடம் சொல்லி வைத்தேன். 750 ரூபாய். "ஏன்டி, அம்பது ரூபா மாலையில சொன்னா மாதாவுக்குக் கேக்காதா?" என்றார் அம்மா. கேட்கும்தான், ஆனால் பாதியில் அறுந்தால்?

இதில் கம்பியே கிடையாது. பாராசூட்டுக்குப் போடுகிற வகை நைலான் கயிறு, வெளியே நெய்த உறை, உள்ளே 7 இழை. 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும் என்பதால் 550 கயிறு என்றே இதற்குப் பெயர். முடிச்சுப் போட்டால் பலம் கொஞ்சம் குறையும், சரி, ஜெபமாலையில் யார் மூட்டை தொங்கவிடப் போகிறார்கள். முனைகளை நெருப்பில் காட்டி உருக்கி அடைத்திருக்கிறார், அதனால் இழை பிரியவில்லை. ஐந்து மாதமாகத் தினமும் கைப்பையில்தான் கிடக்கிறது, ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை.

வந்ததும் மணிகளை எண்ணினேன், ஏனென்றால் முன்பு வாங்கிய ஒரு பிளாஸ்டிக் மாலையில் பத்து மணி இருக்க வேண்டிய ஒரு வரிசையில் பதினொன்று இருந்தது. இதில் கணக்குச் சரி: அருள் நிறைந்த மந்திரத்துக்கு 53, பரலோக மந்திரத்துக்கு 6. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆறு மணிகள்தான். மற்றவற்றைவிடப் பெரியவை, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு முடிச்சு. இருட்டிலும் நெரிசலிலும் கண்ணை மூடிக்கொண்டே பத்து முடிந்தது தெரிகிறது. எண்ணுவது விரலின் வேலை, மனது தேவ ரகசியத்தில், அதாவது ஒவ்வொரு பத்துக்கும் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சியில், நிற்க வேண்டும், அதற்காகத்தானே இத்தனை மணி. (எந்த ரகசியம் என்பதில் எங்கள் வீட்டில் வியாழக்கிழமைதோறும் தகராறு. 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் ரகசியங்களை நான் சொல்வேன், அம்மா பழைய பழக்கத்தில் சந்தோஷ ரகசியத்தைத்தான் ஆரம்பிப்பார்.)

குறையும் உண்டு. அக்டோபர் ஜெபமாலை மாதத்துக்காகச் சொன்னது, கைக்கு வந்தது நவம்பர் இரண்டாம் வாரம். கேட்டால் "வேலை அதிகம்மா" என்கிறார். பாடுபட்ட சுரூபம் (நுனியில் தொங்கும், இயேசு உருவமுள்ள சிலுவை) இந்த மாலைக்குக் கனம், ஜெபிக்கும்போது கீழே இழுக்கிறது. கயிறு தடிமன் என்பதால் சின்ன பர்ஸில் அடங்காது. கழுத்தில் போட நினைப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று, மாலை மந்திரிக்காமல்தான், அதாவது ஃபாதரின் ஆசீர்வாதம் இல்லாமல்தான், வரும். மந்திரித்த பொருளை விற்பதில்லை, அதனால் வாங்கியபின் நாம்தான் ஃபாதரிடம் கொண்டுபோக வேண்டும்.

என் கூடப்பிறந்த அக்கா மகளின் புதுநன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்கும் நாள்) இன்னொன்று சொல்லியிருக்கிறேன். சின்ன சுரூபம், மெல்லிய கயிறு. தேதியை மட்டும் ஒரு மாதம் முன்தள்ளிச் சொல்லிவிட்டேன்.