டொமைன் பெயர் காலியாக உள்ளதா? ஐகேன் தேடல் பக்கத்தைப் பயன்படுத்திப் பார்த்ததில்

சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போவது, அதை விற்கும் நிறுவனம் ஒன்றின் தேடல் பெட்டிக்குத்தான். நானும் அப்படித்தான் போனேன். பெயரைத் தட்டியதும் பச்சை நிறத்தில் 'கிடைக்கிறது' என்று வந்தது. உற்றுப் பார்த்தால், நான் கேட்டது டாட் காம். பச்சையில் நின்றதோ டாட் ஆன்லைன். முதலாண்டுக் கட்டணம் 99 ரூபாய் என்பது பெரிய எழுத்திலும், மறு ஆண்டு முதல் அது பல மடங்காகும் என்பது சாம்பல் நிறப் பொடி எழுத்திலும் இருந்தன. கூடையைத் திறந்தபோது, நான் கேட்காத மின்னஞ்சல் சேவை ஒன்று அதில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகே, இணையப் பெயர் முறையை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்துக்கு வந்தேன். லுக்அப் டாட் ஐகேன் டாட் ஓஆர்ஜி என்பது அதன் முகவரி. இங்கே விற்பனைக்கு எதுவும் இல்லை; கணக்குத் தொடங்கவும் வேண்டாம். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன் போன்ற பதிவகங்களிடம் ஆர்டிஏபி என்ற நெறிமுறை வழியாகக் கேட்டு, அங்கே உள்ளதை அப்படியே காட்டுகிறது. காட்டும் நேரத்துக்கு மேல் முடிவுகளைச் சேமித்து வைப்பதில்லை என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நாம் தேடிய பெயரை வேறு யாரோ முந்திக்கொண்டு பதிவு செய்துவிடுவார்கள் என்ற பழைய அச்சம் எனக்கும் உண்டு என்பதால், அந்த ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது.

என் பெயரில் ழகரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் இசட்எச் என்றும் எழுதலாம், எல் என்றும் எழுதலாம், வெறும் இசட் போட்டும் எழுதலாம். ஆகவே மூன்று முறை தேட வேண்டியிருந்தது. முதல் எழுத்துக்கூட்டல் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது. அந்த முகவரியை உலாவியில் திறந்தால் ஒரு பக்கமும் வராததால் அது காலி என்றே அதுவரை நம்பியிருந்தேன். தளம் இல்லை என்பதும் பெயர் காலி என்பதும் ஒன்றல்ல. பெயரை வாங்கிச் சும்மா வைத்திருப்பவர்கள் ஏராளம். உரிமையாளர் யார் என்று பார்க்க முயன்றேன். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல் அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே வருகின்றன.

இரண்டாவதுதான் சுவாரசியமானது. காலாவதித் தேதி கடந்திருந்தும் பெயர் பதிவேட்டிலேயே இருந்தது. நிலை என்ற இடத்தில் 'மீட்புக் காலம்' என்று பொருள்படும் சொல் இருந்தது. அந்த 30 நாள்களுக்குள் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால், மேலும் 5 நாள் கழித்தே பெயர் விடுவிக்கப்படும். விடுபடும் நொடியிலேயே பிடிப்பதற்கென்று தானியங்கி நிரல்களுடன் காத்திருக்கும் தொழில்காரர்கள் இருப்பதால், கையால் தட்டி அதைப் பெறலாம் என்ற ஆசையை விட்டுவிட்டேன்.

மூன்றாவதற்குப் பதிவேட்டில் இல்லை என்ற பதில் வந்தது. இந்தப் பதிலை முழுமையாக நம்பிவிட முடியாது என்பதே இப்பக்கத்தின் பெரிய குறை. பதிவகம் தனக்கென ஒதுக்கி வைத்த பெயராகவோ, சாதாரண விலைக்குக் கிடைக்காத சிறப்புப் பெயராகவோ அது இருந்தாலும் இங்கே தெரியாது. விலையை அறிய விற்பனையாளரிடம் போயே ஆக வேண்டும். டாட் இன் பெயர்களை, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் பதிவகத் தளத்தில் பார்ப்பது நல்லது, ஏனெனில் டாட் இன் போன்ற நாட்டுக் குறியீடுகளை ஐகேனின் ஒப்பந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. தமிழ் எழுத்திலேயே பெயர் வேண்டுவோருக்கு டாட் இந்தியா உண்டு, ழகரச் சிக்கலும் அங்கே எழாது; ஆனால் தமிழ் முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் பல என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறு ஆண்டுக் கட்டணத்தை வெளிப்படையாகப் போட்டிருந்த வேறொரு விற்பனையாளரிடம் மூன்றாவது பெயரை வாங்கினேன். சில நிமிடங்களில் ஐகேன் பக்கத்தில் மீண்டும் தேடியபோது பதிவு வந்துவிட்டிருந்தது. பதிவான நேரம் மட்டும் என் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. பதிவேட்டில் உலகப் பொது நேரத்தையே எழுதுகிறார்கள்.