டூருக்கு முன் சைக்கிளைக் கடையில் கொடுத்தீர்களா? வால்வைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஐந்து நாள் பயணத்துக்காக என் கிராவல் சைக்கிளை (மண், ஜல்லிப் பாதையிலும் ஓடும் வகை) ஒரு கடையில் தயார் செய்யக் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். என்ன செய்தார்கள் என்று தெரிந்தாலே உங்களுக்குப் போதும்.

நான் சொன்னது மூன்று வேலை. இரண்டு டயரையும் ட்யூப்லெஸ்ஸாக, அதாவது உள்ளே ட்யூப் இல்லாமல் ஓடுவதாக, மாற்ற வேண்டும். செயினும் கேசட்டும் (பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) புதிதாகப் போட வேண்டும். சுமையோடு ஏற்றம் மிதிக்க வேண்டியிருப்பதால் பின்னால் 11-32க்குப் பதில் 11-34 (சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34). அப்புறம் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கமும் பை கட்டுவதற்குக் கார்கோ கேஜ் என்ற தாங்கி. பில்லில் மூன்றும் இருந்தன. வண்டி பளபளவென்று வந்தது. டயரை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. என் பரிசோதனை அதோடு முடிந்தது.

முதல் நாள் காலையிலேயே பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. புது டயர் செட்டாகும் வரை அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பம்ப் அடித்தேன். இரண்டாம் நாள், மண் பாதையில் முள் ஏறியது. ட்யூப்லெஸ்ஸில் இது ஒரு விஷயமே இல்லை. முள்ளைப் பிடுங்கிச் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினால், உள்ளே இருக்கும் சீலண்ட் என்ற திரவம் ஓட்டை வழியாக வெள்ளையாக நுரைத்து வந்து அடைத்துவிடும். எனக்குப் புஸ்ஸென்று காற்று மட்டும்தான் வந்தது. டயரை நெம்பிக் கழற்றினால், உள்ளே ரப்பர் துடைத்து வைத்தது போலக் காய்ந்து கிடந்தது. 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 90 மில்லி வரை ஊற்றுவார்கள். எனக்கு ஒரு சொட்டு இல்லை.

சரி, கையில் ட்யூப் இருக்கிறதே என்று போட்டுக் கிளம்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி பஞ்சர். டயருக்குள் விரலை விட்டுத் தடவித் தடவி முள்ளைத் தேடினேன், எதுவும் இல்லை. ட்யூபில் காற்றடித்துக் கன்னத்தருகே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஓட்டை தரை பக்கம் இல்லை, ரிம் பக்கம். ரிம்மைப் பார்த்தால் ஸ்போக் ஓட்டை ஒன்றின் மேல் டேப் கிழிந்து தொங்குகிறது. அழுத்தத்தில் ட்யூப் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி, விளிம்பில் அறுபட்டிருக்கிறது. ஸ்போக் ஓட்டைகள் வழியாகக் காற்று போகாமல் மூட, ட்யூப்லெஸ் ரிம்முக்கென்றே கெட்டியான டேப் உண்டு. இது அட்டைப்பெட்டி ஒட்டும் டேப், அதுவும் ஒரே சுற்று! காற்று ஏன் இறங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பையிலிருந்த இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு, காற்றைக் குறைத்து வைத்து மீதி நாட்களை ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எதையும் நம்பத் தோன்றவில்லை. ஏற்றத்தில் எழுந்து மிதித்தபோதெல்லாம் செயின் ‘டக் டக்’கென்று வழுக்கியது. புது செயினைத் தேய்ந்த கேசட்டில் போட்டால் அப்படி வழுக்கும். பின்னால் குனிந்து பெரிய பல்சக்கரத்தில் என்ன எண் அடித்திருக்கிறது என்று பார்த்தேன்: 32. என் பழைய கேசட்டையே கழுவித் துடைத்து மாட்டியிருக்கிறார்கள். கார்கோ கேஜுக்கு சாதாரண பாட்டில் கேஜின் குட்டை போல்ட்டையே போட்டிருந்தார்கள். கேஜின் தடிமன் போக, மரையில் இரண்டு சுற்றுக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்தில் மூன்று போல்ட்டில் ஒன்று ஏற்கெனவே விழுந்திருந்தது. மற்றவையும் இறக்கத்தில் கழன்று பை முன் சக்கரத்துக்குள் போயிருந்தால், இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

திரும்பி வந்து கேட்டேன். “சார், சீலண்ட் சீக்கிரம் காஞ்சிடும்” என்றார் கடைக்காரர். காயும்தான், ஆனால் மாதக்கணக்கில். காய்ந்தாலும் டயருக்குள் பாலின் மேல் ஏடு மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். கேசட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “பையன் மாத்தி மாட்டிட்டான் போல” என்றார். அந்தப் ‘பையன்’ அன்று லீவாம். கேசட்டுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது, அதுவும் மூன்று முறை நடந்த பிறகு.

வண்டியை எடுக்கும்போது கடையிலேயே இதைச் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளக் சளக்கென்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வால்வைக் கீழே வைத்து, காற்றை இறக்கி, வால்வின் உள்முனையைத் திருகி எடுத்துவிட்டு மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விடுங்கள். ஈரமாக வெளியே வர வேண்டும். டேப்பை மட்டும் பிறகு பார்க்க வழியில்லை, ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அவை உங்கள் வண்டியில்தான் இருக்கின்றன. பை மாட்டிய பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து முன் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டால், போல்ட் லூசாக இருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

சீலண்டை இப்போது நானே சிரிஞ்சில் உறிஞ்சி வால்வு வழியாக ஊற்றுகிறேன். முதல் தடவை பாதி தரையில் போனது, இன்னும் கறை போகவில்லை.