ஒயர் மாட்டினால்தான் கதை: பிளக்-இன் ஹைப்ரிட் செடானோடு மூன்று வருடம்

என் வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, வீட்டில் ஒயர் மாட்டிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் மோட்டாரும் உண்டு; அதுதான் பிளக்-இன் ஹைப்ரிட். மூன்று வருடத்தில் 41,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. வண்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது மைலேஜ்தான். லிட்டருக்கு 58 என்றால் வாயைப் பிளக்கிறார்கள். கணக்கு பொய்யில்லை, ஆனால் முழுக் கணக்கும் இல்லை. ஓடியதில் 29,000 கிலோமீட்டர் கரண்டில் ஓடியது. அதற்காக வீட்டு மீட்டரில் ஏறிய சுமார் 6,600 யூனிட் அந்த 58-க்குள் எங்கேயும் தெரியாது. பெட்ரோலில் ஓடிய மிச்சம் 12,000-ஐ மட்டும் எடுத்தால் லிட்டருக்கு 17. அவ்வளவுதான்.

எனக்கு அலுவலகம் 19 கிலோமீட்டர், போக வர 38. சார்ஜ் ஏற்றினால் 55 போகும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைப்பது 45, 48. குளிர் நாளில் கண்ணாடியில் படியும் பனியை எடுக்க ஹீட்டர் போட்டால் எஞ்சினே கிளம்பிவிடும், சூடு அங்கிருந்துதான் வருகிறது. அதனால் சீட் ஹீட்டரோடு சமாளித்துக்கொள்கிறேன். வெயில் நாளில் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே, ஒயர் மாட்டியிருக்கும்போதே ஏசியை ஓடவிடுவேன். அந்தச் செலவு பேட்டரியில் விழாது.

சார்ஜ் ஏற்றுவது சாதாரண பிளக்கில்தான், ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் மாதம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் கழற்றப் போனால் பிளக் கையைச் சுட்டது. பின்னைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம், லேசாகப் பிளாஸ்டிக் கருகிய வாசனை. மணிக்கணக்கில் தொடர்ந்து 10 ஆம்பியர் இழுப்பதை அந்த பாக்ஸ் தாங்கவில்லை. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினிலிருந்து தனி லைன் இழுத்துத் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டேன். வண்டி வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம் இருப்பது சோம்பல் பிரச்சினை. மழையில் நனைந்த ஒயரை அவிழ்த்து மாட்டச் சோம்பல்பட்டு ஒரு ராத்திரி விட்டால், மறுநாள் நாம் ஓட்டுவது பேட்டரியைச் சும்மா சுமந்து போகும் பெட்ரோல் கார். வருடம் முழுக்க அப்படியே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளிவிடும் கார்பன், ஆய்வகச் சோதனையில் வந்ததைப் போல சராசரியாக 3.5 மடங்கு என்று 2024-இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் ஏற்றுவதில்லை என்பது முக்கியமான காரணம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ராத்திரி நிறுத்தும் இடத்தில் பிளக் இல்லாதவர் இதை வாங்கவே கூடாது, ஒயரே மாட்டாமல், ஓடும்போதே பேட்டரியை ஏற்றிக்கொள்ளும் சாதாரண ஹைப்ரிட் போதும்.

ஓட்டச் சுகமான வண்டி, நெரிசலில் சத்தமே இல்லை. ஆனால் ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் சில்லென்ற நிலையிலேயே அலறிக்கொண்டு எழும். பாவமாக இருக்கும். நெடுஞ்சாலையில் பெட்ரோலில் ஓட்டி, பேட்டரியை ஹோல்டில் (சார்ஜ் இறங்காமல் பிடித்துவைக்கும் மோடு) வைத்து, ஊருக்குள் நுழையும்போது கரண்டுக்கு மாற்றுவது என் பழக்கம்.

பெட்ரோல் போடுவது தனி நாடகம். டேங்கில் ஆவி அழுத்தம் சேர்ந்திருக்கும், உள்ளே ஒரு பட்டனை அமுக்கி, அது இறங்கும்வரை சில விநாடி காத்திருந்தால்தான் மூடி திறக்கும். பங்க் பையன் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லாக் ஆயிடுச்சு சார்" என்பான். ஒரு தடவை நான்கு மாதம் பங்க் பக்கமே போகவில்லை. பெட்ரோல் நாளாக ஆகக் கெட்டுப்போகும் என்பதால், இப்போது டேங்கை நிரப்புவதில்லை. எஞ்சின் ஆயிலையும் கிலோமீட்டர் பார்க்காமல் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன்.

பிரேக் பேட் தேயவே இல்லை, வேகம் குறைக்கும் வேலையை முக்கால்வாசி மோட்டாரே பார்த்துக்கொள்கிறது. அதனாலேயே டிஸ்க்கில் துரு பிடிக்கிறது, வாரம் ஒரு முறை நன்றாக மிதித்துத் துடைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வருடம் ஒரு காலையில் வண்டி செத்துக் கிடந்தது. பெரிய பேட்டரி ஃபுல், டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. போனது 12 வோல்ட் குட்டி பேட்டரி. அது இல்லாமல் இத்தனை பெரிய வண்டியில் ஒரு விளக்குகூட எரியாது. ஜம்ப் கேபிள் அன்றிலிருந்து டிக்கியிலேயே கிடக்கிறது. பேட்டரிக்கு இடம் விட்டு, ஸ்டெப்னிக்கே இடம் இல்லாமல் போன டிக்கி அது.